ஈரப்பதன் சென்சர் 99 காட்டினால் மூடுபனி வரும் என்று யார் சொன்னது?

இந்தத் தை மாதத்தில் நான் ஏறி இறங்கிய மூன்றாவது வாடி, அதாவது வயற்குடிசை, இது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பெரியவர் ஒருவர் விடியுமுன்பே அழைத்தார். "தம்பி, சென்சர் 99 காட்டுகிறது. மூடுபனி இறங்கினால் நெல்லுக்கு எரிபந்த நோய் வந்துவிடும். இன்றைக்கும் மருந்தடிக்கட்டுமா?"

இன்றைக்கும்! அந்த வாரத்திலேயே இரண்டு முறை அடித்துவிட்டார். வரம்பெல்லாம் நடந்து பார்த்தேன். எரிபந்தத்தின் அடையாளமான, நடுவில் சாம்பல் பூத்த அந்தக் கண் வடிவப் புள்ளி ஓர் இலையிலும் இல்லை.

"90ஐத் தாண்டினால் மூடுபனி" என்று விற்றவர் சொன்னாராம். ஐயா, வாவியும் குளமும் சூழ்ந்த நம் வயல் வட்டைகளில் மாரிகாலத்து இரவுகள் அநேகமாக எல்லாமே 90ஐத் தாண்டும். காற்றில் ஒரு துளி நீர் கூடாமலே தாண்டும். காற்று குளிரக் குளிர, அது தாங்கக்கூடிய நீராவி குறைகிறது. இருக்கிற ஆவி அப்படியே இருக்க, சதவீதம் மட்டும் ஏறுகிறது. தனி 99 எதையும் சொல்லாது.

பார்க்கவேண்டியது பனிபடுநிலை, அதாவது காற்றிலுள்ள ஆவி நீராகத் திரளத் தொடங்கும் வெப்பநிலை. 100இலிருந்து சாரீரப்பதனை (சென்சர் காட்டும் அந்தச் சதவீதத்தை) கழித்து, 5ஆல் வகுத்து, வருவதை வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். மாலை 6 மணிக்கு 26 பாகை, 85 சதவீதம் என்றால் பனிபடுநிலை ஏறத்தாழ 23. மழை பெய்து ஓய்ந்து, வானம் வெளித்து, காற்றும் அடங்கினால் இரவு அதைத் தொடக்கூடும். மேகம் மூடியிருந்தால் பெரும்பாலும் தொடாது. வானத்தை அண்ணாந்து பார்க்காமல் சென்சரை மட்டும் பார்ப்பவருக்கு என்னால் உதவ முடியாது.

அவருடைய சென்சர் தகரக் கூரையின் அடியில் ஆணியடித்துத் தொங்கியது. இரவில் தகரம் காற்றைவிடக் குளிர்ந்து வியர்க்கும். தகர விளிம்பில் திரண்ட துளி சென்சரின் துளைகளில் சொட்டிக்கொண்டிருந்ததை நின்று பார்த்தேன். நனைந்த சென்சர் வேறென்ன காட்டும்?

நுவரெலியாவில் ஆளுயரத்தில் 3 பாகை இருக்கும்போதே புல்லில் உறைபனி படியும். நமக்கு உறைபனி இல்லை. ஆனால் நிலத்திலிருந்து அளக்கும் உயரம் மாறினால் கணக்கு மாறும் என்பது இங்கும் உண்மை. ஆகவே சென்சரைப் பயிர் மட்டத்தில், வாடியை விட்டு விலக்கி, இடைவெளி விட்டு அடுக்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளுக்குள் வையுங்கள். நீர் தெளித்துக் குழைத்த கறியுப்புடன் மூடிய டப்பாவில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள், 75 காட்டவேண்டும். புள்ளியைக் காணாமல் மருந்துப் போத்தலைத் திறக்காதீர்கள், தயவுசெய்து.

பெரியவரின் சென்சரைத் துடைத்து, உலர்த்தி, வீட்டில் உப்போடு வைத்தேன். காலையில் 88 காட்டியது.