பேரூராட்சியில இருக்கீங்களா? உங்க ஏரியாவுக்கும் ஒரு சபை இருக்கு

கிராமத்துல இருக்கிற சொந்தக்காரங்க, கிராம சபைக்குப் போனோம், கணக்கு கேட்டோம், தீர்மானம் போட்டோம்னு சொல்லும்போது, பேரூராட்சியில இருக்கிற நாம நமக்கு அதெல்லாம் இல்லையேன்னு விட்டுடுவோம். ரொம்ப வருஷம் நிஜமாவே இல்ல. இப்ப இருக்கு. பேரு ஏரியா சபை, பகுதி சபைன்னும் சொல்றாங்க. எங்க தெருவுலயே பாதிப் பேருக்கு இது தெரியல, அதான் உக்காந்து எழுதுறேன்.

முதல்ல, ஏன் இவ்ளோ நாள் இல்லன்னு பார்த்துடலாம். 1993ல நடைமுறைக்கு வந்த 74வது அரசியல் சட்டத் திருத்தம்தான் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அடிப்படை, ஆனா அதுல வார்டு கமிட்டி கட்டாயம்னு சொன்னது 3 லட்சமும் அதுக்கு மேலயும் ஜனத்தொகை இருக்கிற ஊருக்கு மட்டும்தான். 15 வார்டு, 18 வார்டுன்னு இருக்கிற நம்ம மாதிரி ஊரெல்லாம் அந்தக் கணக்குலயே வரல. கிராமமும் இல்ல, பெரிய நகரமும் இல்ல, 100 நாள் வேலையும் கிடையாது கிராம சபையும் கிடையாதுன்னு நடுவுல நின்னோம். 2022 பிப்ரவரியில நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிஞ்சு, அந்த வருஷம் ஜூன் மாசம் தமிழ்நாடு அரசு வார்டு கமிட்டிக்கும் ஏரியா சபைக்கும் தனியா விதி கொண்டு வந்துச்சு, அதுல மாநகராட்சி, நகராட்சியோட பேரூராட்சியையும் சேர்த்துட்டாங்க. முதல் கூட்டம் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்னிக்கு நடந்துச்சு, முதலமைச்சர் ஸ்டாலினே தாம்பரம் மாநகராட்சியில பம்மல்ல நடந்த ஏரியா சபையில கலந்துக்கிட்டார்.

இது எப்படி வேலை செய்யுதுன்னா, ஒரு வார்டை சில ஏரியாவா பிரிப்பாங்க. அந்த ஏரியாவுல ஓட்டர் லிஸ்ட்ல பேர் இருக்கிற எல்லாருமே அந்த சபைக்கு உறுப்பினர்தான். யாரும் உங்களைச் சேர்க்கணும்னு இல்ல, பேர் இருந்தா போதும். ஏரியாவுக்கு ஒரு பிரதிநிதி இருப்பார், அவங்கள்லாம் சேர்ந்ததுதான் வார்டு கமிட்டி, அதுக்குத் தலைவர் உங்க கவுன்சிலர். பிரதிநிதியை நாம ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது இல்ல, நியமனம்தான். எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு, ஏன்னா ஆளும் தரப்புக்கு வேண்டியவங்களையே போட்டுட்டா சபை ஆரம்பிக்கும்போதே பாதி செத்துரும். ஆனா பிரதிநிதி யாரா இருந்தாலும் சபையில எழுந்து பேசுற உரிமை நமக்கு அப்படியே இருக்கு, அதை விட்டுடக் கூடாது.

என்ன பேசலாம்? குடிதண்ணி, சாக்கடை, குப்பை, தெரு விளக்கு, எந்த வேலையை முதல்ல எடுக்கணும், பொதுக் குழாய் எங்க வைக்கணும், அரசுத் திட்டத்துக்குத் தகுதியான ஆள் யாரு, இதெல்லாம் சபை சொல்லலாம். சபை சொல்றது வார்டு கமிட்டிக்குப் போகும், அங்கருந்து பேரூராட்சி மன்றத்துக்குப் போகும். ஒண்ணு புரிஞ்சுக்கணும், சபையில சொன்னதாலயே வேலை நடந்துடாது, பணம் ஒதுக்கி தீர்மானம் போடுறது மன்றம், அதைச் செய்து முடிக்கிறது இ.ஓ.ன்னு சொல்ற செயல் அலுவலரும் அவர் ஆபீஸும். அதனால நாம சொன்னது எழுத்துல எப்படிப் பதிவாகுதுங்கிறதுதான் எல்லாமே.

எங்க ஏரியாவுல நடந்ததையே சொல்றேன். முதல் கூட்டத்துக்கு வந்தது பத்துப் பன்னண்டு பேர்தான். காலையில நாலு மணிக்கே பால் எடுத்துட்டுக் கிளம்புற ஒரு அக்கா, ரேஷன் கடை வளைவுல விளக்கே எரியறதில்ல, இருட்டுல நாய் துரத்துது, வண்டியோட ரெண்டு தடவை விழுந்துட்டேன்னு கையில இருந்த தழும்பைக் காட்டிச் சொன்னாங்க. எல்லாரும் ஆமாம்னோம். அடுத்த கூட்டத்துல போன தடவை எழுதினதைப் படிங்கன்னு கேட்டப்போ நோட்டுல இருந்தது ஒரே வரி, "விளக்கு வசதி கோரப்பட்டது." எந்தத் தெரு, எந்தக் கம்பம், யார் கேட்டது, ஒண்ணுமே இல்ல. அந்த வரியை வச்சு யாரைப் போய் என்ன கேக்கிறது சொல்லுங்க? அக்கா அன்னிக்குச் சும்மா போகல, வளைவுல இருக்கிற மூணு கம்பத்துலயும் பெயின்ட்ல எழுதியிருந்த நம்பரை பால் கணக்கு நோட்டுலயே குறிச்சுட்டு வந்திருந்தாங்க. எழுதுறவர் பக்கத்துலயே நின்னு அந்த மூணு நம்பரையும் எழுத வச்சு, திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போனாங்க. அது வார்டு கமிட்டிக்குப் போய், கொஞ்ச நாள் இழுத்து, கடைசியா மூணுல ரெண்டு எரியுது. மூணாவதைக் கேட்டுக்கிட்டே இருக்கோம்.

அதனால போறதுக்கு முன்னாடி இடத்தைக் குறிச்சு வச்சுக்கோங்க, யார் வீட்டுக்கு எதிர்ல, கம்பம் நம்பர் என்ன, எத்தனை நாளா இப்படி இருக்குன்னு. மனுவா எழுதி ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போய் ஒண்ணைக் குடுத்துட்டு இன்னொண்ணுல கையெழுத்தும் சீலும் வாங்கிடுங்க. கூட்டம் வருஷத்துக்கு நாலு தடவை நடக்கணும். நடந்துச்சா, என்ன எழுதினாங்கன்னு யாரும் வாய் திறந்து சொல்லலன்னா, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்துல பேரூராட்சி பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு போடுங்க, கூட்ட நடவடிக்கைக் குறிப்போட நகல் வேணும்னு. 30 நாளுக்குள்ள பதில் தரணும்.

கவுன்சிலரைப் பத்தியும் ஒரு வார்த்தை. நம்ம மாநிலத்துல உள்ளாட்சியில பாதி இடம் பெண்களுக்கு, 2016ல கொண்டு வந்த சட்டம் அது. அதனால உங்க கவுன்சிலர் முதல் தடவையா பதவிக்கு வந்த ஒரு அக்காவா இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பேரூராட்சி கவுன்சிலருக்கு 2023 ஜூலையில இருந்து மாச மதிப்பூதியம் 2,500 ரூபா, தலைவருக்கே 10,000தான். அந்தக் காசுக்கு தினமும் வாசல்ல வந்து நிக்கிற அத்தனை பேருக்கும் பதில் சொல்றது லேசுப்பட்ட வேலை இல்லைங்க. பல இடத்துல வீட்டுக்காரர் முன்னாடி உக்காந்து பேசுறார், அக்கா பின்னாடி நிக்கிறாங்க. சபையில அப்படி நடந்தா, அண்ணே நீங்க உக்காருங்க, நாங்க ஓட்டுப் போட்ட கவுன்சிலர் அக்காகிட்ட கேக்கிறோம்னு மரியாதையாவே சொல்லுங்க. எங்க வார்டுல ஒரு பெரியம்மா அப்படித்தான் சொன்னாங்க. கவுன்சிலர் மெதுவாத்தான் ஆரம்பிச்சாங்க, ஆனா எந்தத் தெருவுக்கு எந்த நேரம் தண்ணி திறக்கிறாங்க, எந்த வால்வு ரிப்பேர்னு அவங்களுக்கு அத்துப்படியா தெரிஞ்சிருந்துச்சு. அடுத்த கூட்டத்துக்கு எங்க தெருப் பொம்பளைங்க மட்டும் இருபது பேருக்கு மேல வந்தாங்க.