நல்கை: ‘ரிசர்ச் கிராண்ட்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஒரு தொழில் நிறுவனமும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ச்சி செய்ய அரசு பணம் கொடுக்கிறது. ஆய்வாளர்கள் பேச்சில் இது ‘கிராண்ட்’. செய்திகளில் பெரும்பாலும் ‘ஆராய்ச்சி மானியம்’ என்று வருகிறது. இந்த இடத்தில் மானியம் என்ற சொல் பொருந்தவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

மானியம் வடமொழிவழி வந்த சொல். மதிப்பு என்னும் பொருள் தரும் ‘மான’ அதன் வேர். ஒருவரையோ ஒரு கோயிலையோ சிறப்பித்து, வரி நீக்கிக் கொடுத்த நிலம் மானியம் எனப்பட்டது. ‘சர்வமானியம்’ என்று கல்வெட்டுகளில் வருவது எல்லா வரியும் நீங்கிய கொடை. அதே கருத்துக்கு ‘இறையிலி’ என்ற தமிழ்ச்சொல்லும் உண்டு. இறை என்றால் வரி. இன்று அந்தப் பழம்பொருள் தேய்ந்துவிட்டது. உர மானியம், எரிவாயு மானியம் என்று கேட்டவுடன், விலையில் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொள்வதுதான் நம் மனதில் எழுகிறது. பொருளை வாங்கினால் போதும், அதற்காக நாம் எதையும் செய்து காட்ட வேண்டியதில்லை.

ஆராய்ச்சிக்கான கிராண்ட் அப்படிப்பட்டதல்ல. பணத்தைத் திருப்பித் தர வேண்டாம். ஆனால் என்ன ஆராய்வது, யார் செய்வது, எத்தனை மாதத்தில் முடிப்பது எல்லாம் முன்பே எழுதி ஒப்புக்கொண்டாக வேண்டும். செலவுக்குக் கணக்கும், வேலைக்கு அறிக்கையும் தர வேண்டும். கூட்டு ஆராய்ச்சியில் நிறுவனமும் தன் பங்கைப் போட வேண்டியிருக்கும். அதைப் பணமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை. பல திட்டங்களில் கருவியாகவும் ஆளாகவும் நேரமாகவும்கூடத் தரலாம்.

இந்தியாவில் ஐ.ஐ.டி.களை மையமாக வைத்து 2015இல் தொடங்கிய ‘உச்சதர் ஆவிஷ்கார் யோஜனா’வில் செலவின் பாதியைக் கல்வி அமைச்சகமும், கால் பங்கைத் தொடர்புடைய வேறொரு அமைச்சகமும், மீதிக் கால் பங்கைத் தொழில் நிறுவனமும் ஏற்கும்படி வகுத்தார்கள். பிரிட்டனில் 1975இல் வேறு பெயரில் தொடங்கி, 2003 முதல் ‘நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் பார்ட்னர்ஷிப்’ என வழங்கும் திட்டத்தில் பட்டதாரி ஒருவர் நிறுவனத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே பாலமாக வேலை செய்கிறார். அரசின் பணம் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது, நிறுவனம் தன் பங்கைச் சேர்க்கிறது. அமெரிக்காவில் சிறு நிறுவனமும் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து ஆராய்வதற்காக 1992இல் வந்த ‘எஸ்.டி.டி.ஆர்.’ (ஸ்மால் பிசினஸ் டெக்னாலஜி டிரான்ஸ்ஃபர்) திட்டத்தில் கணக்கு பணத்தில் இல்லை, வேலையில் இருக்கிறது: சிறு நிறுவனம் குறைந்தது 40 விழுக்காட்டையும், ஆராய்ச்சி நிறுவனம் குறைந்தது 30 விழுக்காட்டையும் தாங்களே செய்ய வேண்டும். இவை எல்லாவற்றிலும் பணத்தோடு ஒரு கடமை சேர்ந்தே வருகிறது. ‘மானியம்’ என்று எழுதும்போது அந்தக் கடமை கண்ணில் படாமல் போகிறது.

ஆங்கிலச் சொல்லின் வேர் இங்கே உதவுகிறது. பழைய பிரெஞ்சு வழியாக வந்த ‘கிராண்ட்’டின் அடியில் ‘நம்பு’ என்று பொருள்படும் லத்தீன் வினை ‘கிரேதெரே’ இருக்கிறது. கடனைக் குறிக்கும் ‘கிரெடிட்’டும் அதே வேர்தான். முடிவு என்னவென்று தெரியாத ஆராய்ச்சிக்கு முன்கூட்டியே பணம் தருவது நம்பிக்கையால்தானே!

தமிழில் இதற்குரிய சொல் நல்கை. ‘நல்கு’ என்ற வினையிலிருந்து பிறந்த பெயர். வெறுமனே கொடுப்பதை மட்டும் அது சொல்வதில்லை, அன்போடு தருவதையும் அருளுவதையும் சேர்த்தே சொல்கிறது. ‘நசைபெரிது உடையர் நல்கலும் நல்குவர்’ என்று குறுந்தொகைத் தோழி சொல்வது, பிரிந்து போன தலைவன் அன்பு செய்வான் என்பதைத்தான்.

அப்படியானால் அருளும் அன்பும் அரசுக் கோப்பில் எங்கே வந்தன என்று கேட்கலாம். மேலிருப்பவர் கீழிருப்பவருக்கு இரங்கித் தருவதாகத் தொனிக்காதா? எனக்கும் இந்தத் தயக்கம் இருந்தது. அதைத் தீர்த்தது திருக்குறளின் வான்சிறப்பு:

நெடுங்கடலும் தன்நீர்மை குன்றும் தடிந்தெழிலி
தான்நல்கா தாகி விடின்.

மேகம் கடலில் முகந்த நீரையே கடலுக்குப் பெய்கிறது. பெய்யாவிட்டால் கடலே தன் வளம் குன்றும். மக்களிடம் திரட்டிய வரிப்பணம் ஆராய்ச்சியாகி மக்களிடமே திரும்புவதற்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை. இங்கே நல்குவது இரக்கத்தால் அல்ல, அது மேகத்தின் வேலை.

பக்கத்தில் நிற்கும் சொற்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கைம்மாறு கேட்காமல் தருவது நன்கொடை. மாணவருக்குத் தருவது உதவித்தொகை. நிறுவனம் தன் பணத்தைக் கொடுத்துத் தனக்கு வேண்டியதை மட்டும் செய்து வாங்கினால் அது ஒப்பந்த ஆராய்ச்சி.

கூட்டு ஆராய்ச்சிக்குத் தரும் நல்கையைக் ‘கூட்டாய்வு நல்கை’ என்று சுருக்கலாமே என முதலில் நினைத்தேன். ஆனால் பல துறை அதிகாரிகள் சேர்ந்து ஓரிடத்தைப் பார்வையிடுவதையும் கூட்டாய்வு என்றுதான் எழுதுகிறோம். அதனால் ‘கூட்டு ஆராய்ச்சி நல்கை’ என்பதே தெளிவு. ‘பல்கலைக்கழக மானியக் குழு’ நிலைத்துவிட்ட பெயர், ஆனாலும் ‘நல்கைக் குழு’ என்று எழுதுவோரும் உண்டு. சட்டமன்றத்தின் ‘மானியக் கோரிக்கை’ அப்படியே இருக்கட்டும். நல்கைக்கு விண்ணப்பிக்கலாம், நல்கை பெறலாம். நல்கை பெற்று நடக்கும் ஆராய்ச்சி ‘நல்கைத் திட்டம்’.