ஸ்மார்ட் துப்பாக்கி: கட்டாயமாக்கும் முன் சோதனை வேண்டும்

கைரேகைப் பூட்டுகளைச் சோதிப்பது என் அன்றாட வேலை. பாத்திரம் கழுவிய ஈரக் கை, சிமென்ட் குழைத்துத் தேய்ந்த விரல், காய் நறுக்கும்போது கட்டைவிரலில் பட்ட சிறு வெட்டு என எதுவும் உரியவரையே பூட்டு மறுக்கக் காரணமாகிவிடும். அவர் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார், கதவு திறந்துவிடும். உரியவர் மட்டுமே சுடக்கூடிய ஸ்மார்ட் துப்பாக்கியைக் கட்டாயமாக்கலாமா என்று அமெரிக்காவில் நடக்கும் விவாதத்தைப் படிக்கும்போதெல்லாம், வாசலில் காத்திருக்கும் அந்தச் சில நொடிகள்தான் என் நினைவுக்கு வருகின்றன.

எந்த அடையாளச் சென்சாரும் இரண்டு விதமாகத் தவறும்: அந்நியரை உள்ளே விடும், அல்லது உரியவரைத் தடுக்கும். முதல் பிழையைக் குறைக்க அளவுகோலை இறுக்கினால் இரண்டாவது கூடும். பேட்டரி தீர்ந்துபோனால் கதவுப் பூட்டுக்குச் சாவி உண்டு. துப்பாக்கி அப்போது பூட்டியே இருந்தால் ஆபத்தில் இருப்பவருக்குப் பயன்படாது. திறந்துகொண்டால் குழந்தையின் கையிலும் வெடிக்கும்.

ஜெர்மனியின் அர்மாட்டிக்ஸ் நிறுவனம் செய்த ஐபி1 துப்பாக்கி, கைக்கடிகாரம் ஒன்று சுமார் 25 செ.மீ. தூரத்துக்குள் இருந்தால் மட்டுமே சுடும். 2017இல் ப்ளோர் என்ற புனைபெயர் கொண்ட ஹேக்கர் அதை மூன்று வழிகளில் தோற்கடித்துக் காட்டினார். கடிகாரத்தின் ரேடியோ சமிக்ஞையைக் கடத்தி அது எட்டும் தூரத்தை நீட்டினார். அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்பி, உரியவரே சுட முடியாதபடி செய்தார். மூன்றாவதுதான் என்னை அதிகம் உறுத்தியது. சுமார் 15 டாலர் மதிப்புள்ள காந்தங்களைத் துப்பாக்கியின் பக்கவாட்டில் வைத்ததும், தோட்டாவைத் தட்டும் ஊசியை மறித்து நின்ற உலோகத் துண்டு விலகிவிட்டது, கடிகாரமே தேவைப்படவில்லை. காந்தத்தால் அசையும் பூட்டை வெளிக் காந்தத்தால் சோதிப்பது எங்கள் துறையில் முதல் நாள் பாடம்.

நியூ ஜெர்சி மாநிலம் 2002இலேயே அவசரப்பட்டது. நாட்டில் எங்காவது ஸ்மார்ட் கைத்துப்பாக்கி விற்பனைக்கு வந்தால், அதிலிருந்து மூன்று ஆண்டுகளில் அம்மாநிலத்தில் விற்கும் கைத்துப்பாக்கிகள் எல்லாம் அந்த வகையாகவே இருக்க வேண்டும் என்றது சட்டம். காவல்துறைக்கு விலக்கு உண்டு. இந்தச் சட்டம் எங்கே அமலுக்கு வந்துவிடுமோ என்ற அச்சத்தில் எதிர்ப்பு கிளம்பியது. 2014இல் ஐபி1 விற்க முன்வந்த மேரிலாந்துக் கடைக்காரருக்குக் கொலை மிரட்டல் வந்தது, அவர் பின்வாங்கினார். பொருளை வளர்க்க எழுதிய சட்டமே அது கடைக்கு வராமல் தடுத்தது. 2019இல் அதைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மாதிரி ஒன்றையாவது கடையில் வைத்தால் போதும் என்றார்கள். இந்தத் திருத்தம் சரியானதென்றே நான் கருதுகிறேன்.

கொலராடோவின் பயோஃபயர் துப்பாக்கி கைரேகையையும் முகத்தையும் பார்க்கிறது. ஒன்று தவறினால் மற்றொன்று கைகொடுக்கும். பாதை நல்லதுதான். ஆனாலும் ஈரம், ரத்தம், கையுறை, இருட்டு ஆகிய நிலைகளில் உரியவரை எத்தனை முறை மறுத்தது என்பதைத் தயாரிப்பாளரைச் சாராத சோதனைக்கூடம் அளந்து வெளியிடும்வரை, எந்தத் துப்பாக்கியையும் சட்டத்தால் திணிக்கக் கூடாது.

அமெரிக்கத் துப்பாக்கி மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். தன் துப்பாக்கியாலேயே உயிரை மாய்த்துக்கொள்பவரின் விரலை எந்தச் சென்சாரும் மறுக்காது. தவிர, அந்நாட்டு மக்களிடம் ஏற்கெனவே உள்ள ஏறத்தாழ 40 கோடித் துப்பாக்கிகளைப் புதிய விற்பனைக்கான சட்டம் தொடப்போவதில்லை. அந்த வீடுகளில் குழந்தைகளைக் காக்க இன்றைக்கே செய்யக்கூடியது, தோட்டாவை வெளியே எடுத்துத் தனியே வைத்து, துப்பாக்கியைப் பெட்டகத்தில் பூட்டுவதுதான்.