மலைச்சரிவில் குழந்தை வண்டி: எவ்வளவு செலவிடலாம்?

கழுத்து ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது, தலையின் பின்புறம் தட்டையாகிவிட்டது, இன்னும் குப்புற விழவில்லை என்பன போன்ற காரணங்களுக்காகக் கைக்குழந்தைகளை என்னிடம் அழைத்துவரும் பெற்றோர், பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு புறப்படும் நேரத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: பிராம், அதாவது குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி வாங்கலாம் என்று நினைக்கிறோம், எவ்வளவு வரை போகலாம்? குன்னூரில் குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவராகப் பணியாற்றும் நான் இதற்கு ஒரு தொகையைச் சொல்வதில்லை. வீட்டு வாசலிலிருந்து தார்ச்சாலை வரை எத்தனை படிகள், அந்தச் சாலை எந்த அளவுக்குச் சரிகிறது, குழந்தையை வெளியே கொண்டுசெல்லப்போவது யார் என்ற மூன்றையும் கேட்ட பிறகே விலைக்கு வருகிறேன். சமவெளி நகரங்களை மனத்தில் வைத்து எழுதப்படும் குறிப்புகளில் இந்தக் கேள்விகள் இருப்பதில்லை. இவற்றைக் கேட்காமல் வாங்கப்பட்ட வண்டிகள் பல, நீலகிரி வீடுகளில் துணி காயப்போடும் சட்டமாக மாறியிருப்பதை வீட்டுக்குச் சென்று பயிற்சி அளிக்கும்போது பார்க்கிறேன்.

குடைபோல மடியும் எளிய ஸ்ட்ரோலர் 3,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. இருக்கையை முழுவதுமாகச் சாய்த்துப் படுக்கையாக்கக்கூடிய நடுத்தர வகைகள் 6,000 முதல் 15,000 ரூபாய் வரையிலும், இறக்குமதி வகைகள் 25,000 ரூபாய்க்கு மேலும் விற்கின்றன. இந்த ஏணியில் மேலே ஏற ஏற நமக்குக் கிடைப்பவை எல்லாம் குழந்தைக்குப் பயன்படுபவை அல்ல. கோப்பை வைக்கும் வளையம், தோல் உறையிட்ட கைப்பிடி, பருவத்துக்கொரு நிறம் ஆகியவற்றுக்கும் சேர்த்தே விலை கேட்கிறார்கள். கூடுதல் பணத்துக்குத் தகுதியானவை என்று நான் கருதுபவை நான்குதான்: பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே மிதியில் பூட்டும் பிரேக், இரு தோள்களையும் இடுப்பின் இருபுறத்தையும் கால்களுக்கு நடுவிலும் பிடிக்கும் ஐந்துமுனைப் பட்டை, ஆறு மாதத்துக்கு முன்பே பயன்படுத்துவதானால் ஏறத்தாழத் தட்டையாகச் சாயும் இருக்கை, வண்டியின் சொந்த எடை. தலை நிற்காத குழந்தையை நிமிர்ந்த இருக்கையில் வைத்தால் தாடை மார்பில் படிந்து மூச்சுப் பாதை குறுகும் என்பதால், மூன்றாவதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

நான்காவதைப் பற்றித்தான் இங்கு யாரும் யோசிப்பதில்லை. குடை ஸ்ட்ரோலர் 5 முதல் 7 கிலோ இருக்கும். கனமான சட்டமும் பெரிய சக்கரங்களும் கொண்டது 12 கிலோவைத் தாண்டும். பிறந்தபோது 3 கிலோ இருந்த குழந்தை ஐந்து மாதத்தில் அதன் இருமடங்காகவும் ஒரு வயதில் மும்மடங்காகவும் வளர்கிறது. ஆக, ஒரு வயதுக் குழந்தையை உட்காரவைத்தபடி கனமான வண்டியைப் படியேற்றுகிறவர் 20 கிலோவுக்கு மேல் தூக்குகிறார், அதுவும் முதுகை வளைத்து, கைகளை உடலிலிருந்து விலக்கி நீட்டி. பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் வயிற்றுத் தசைகள் இன்னும் பழைய வலுவுக்குத் திரும்பியிருக்காது. சிசேரியன் ஆனவர்களைப் பொதுவாக முதல் ஆறு வாரங்களுக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்கிறோம். கட்டைவிரலின் அடியில் தொடங்கி மணிக்கட்டு வரை இழுக்கும் வலியோடு வரும் இளம் தாய்மார் ஏராளம். குழந்தையைத் திரும்பத் திரும்பத் தூக்குவதே அதற்குப் போதுமான காரணம், அதன்மேல் வண்டியும் சேர்ந்தால் கை ஓய்வதற்கு வழியே இல்லை. அந்த வலிக்கான சிகிச்சைச் செலவையும் வண்டியின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது என் கட்சி. மருமகள் இணையத்தில் ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்துக் காட்டியபோது, உடன் வந்த மாமியார், "வண்டி நல்லாத்தாம்மா இருக்கு, நம்ம வீட்டுப் படியில இத யாரு தூக்குறது?" என்று கேட்டார். அதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தை நானும் சொல்லிவிட முடியாது.

படிகளைக் கடந்து சாலைக்கு வந்துவிட்டாலும் சரிவு காத்திருக்கிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை மலை ரயில் ஏறும் பாதையின் மிகச் செங்குத்தான இடத்தில் ஏற்றம் ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி. அந்த ஏற்றத்துக்கே தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்து, பற்சக்கரம் கொண்ட எஞ்சினை ஓட்டுகிறார்கள். நம் குடியிருப்புச் சந்துகள் பலவற்றின் சரிவு அதைவிட அதிகம். 8 அடிக்கு 1 அடி சரியும் தெருவில், வண்டியும் குழந்தையும் சேர்ந்து 16 கிலோ என்றால், சுமார் 2 கிலோ விசை இடைவிடாமல் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். கைபேசியை எடுக்க ஒரு கையை விடும் நொடியிலும் அது இழுக்கும். ஆகவே கைப்பிடியையும் தள்ளுபவரின் மணிக்கட்டையும் இணைக்கும் பாதுகாப்புப் பட்டை இல்லாத வண்டியை மலையில் பயன்படுத்துவதை நான் ஊக்குவிப்பதில்லை. நிறுத்தும்போது பிரேக் போட்டால் மட்டும் போதாது, வண்டியைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி நிறுத்த வேண்டும். கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டுவது சமதளத்திலேயே ஆபத்து. ஏற்றத்தில் தள்ளும்போது எடையின் மையம் பின்சக்கரங்களுக்குப் பின்னால் நகர்ந்து, வண்டி குழந்தையோடு மல்லாந்துவிடக்கூடும்.

சமமான பாதை வாசலிலேயே இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. கொடைக்கானலில் ஏரியைச் சுற்றி ஓடும் சுமார் 5 கிலோமீட்டர் சாலைக்கு அருகில் வசித்து, தினமும் மாலையில் நடக்கும் வழக்கமும் உள்ள குடும்பம் 12,000 ரூபாய்க்கு நல்ல வண்டி வாங்கினால் அதைக் குறைகூற மாட்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் உருளப்போகும் வண்டி அது. வெலிங்டனின் பராமரிப்பான சாலைகளுக்கும் உதகை சேரிங் கிராஸை ஒட்டிய பகுதிக்கும் இது ஓரளவு பொருந்தும். எஸ்டேட் லயன்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் வாழ்வோருக்கும், கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள் ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போகும் வீடுகளுக்கும் பொருந்தாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவுக்குப் போவதற்காக மட்டும் என்று சொல்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். உதகை தாவரவியல் பூங்கா அடுக்கடுக்காக மேலேறுவது. குன்னூர் சிம்ஸ் பூங்கா பள்ளத்தாக்கின் சரிவிலேயே அமைந்திருப்பது. இரண்டிலும் வண்டியைத் தள்ளுவதைவிட இழுத்துப் பிடிப்பதே பெரிய வேலை.

அப்படியானால் இங்குள்ள பெரும்பாலான குடும்பங்கள் பணத்தை எதில் போடலாம்? முதலில், உடலோடு குழந்தையைத் தாங்கும் கேரியரில். 2,000 முதல் 4,000 ரூபாய்க்குள் தரமான ஒன்று கிடைத்துவிடும், கை இரண்டும் ஓய்வாக இருக்கும், படியும் சரிவும் பொருட்டாக இருக்காது. வாங்கும்போது குழந்தையின் தொடை முழுவதும் தாங்கப்பட்டு, முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்று உயரமாக, கால்கள் அகன்று மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கால்கள் நேராகத் தொங்கும்படியான குறுகிய இருக்கை வளரும் இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல. முகம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தாடைக்கும் மார்புக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும். துணித் தொட்டில் போன்ற ஸ்லிங்குகளில் மூச்சுத்திணறல் அபாயம் இருப்பதாக அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் எச்சரித்தபோது, நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளையும், குறைமாதத்தில் அல்லது குறைந்த எடையோடு பிறந்தவர்களையும், சளி பிடித்திருப்பவர்களையும் தனியே குறிப்பிட்டது. குளிருக்குப் பயந்து குல்லாவும் ஸ்வெட்டரும் போர்வையும் சுற்றிய குழந்தையைச் சால்வைக்குள் முகம் புதையும்படி அணைத்துச் செல்லும் நம் ஊர் வழக்கத்துக்கு இந்த எச்சரிக்கை மிகவும் பொருந்துகிறது.

அடுத்து, சொந்தக் கார் இருந்தாலோ அடிக்கடி வாடகைக் காரில் மலையிறங்க வேண்டியிருந்தாலோ, பிராமுக்கு என்று ஒதுக்கிய தொகையின் பெரும்பகுதியைக் காரில் பொருத்தும் குழந்தை இருக்கைக்கு மாற்றிவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. இதில் நான் சற்றுப் பிடிவாதமாகவே இருக்கிறேன். தடுப்பூசிக்கும் சோதனைகளுக்கும் உறவினர் வீட்டு விசேஷங்களுக்கும் மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் என்று குழந்தையோடு இறங்கி ஏறுகிறோம். உதகையிலிருந்து மசினகுடி பக்கம் இறங்கும் கல்லட்டிப் பாதை என்றால் 36 கொண்டை ஊசி வளைவுகள். முன்னிருக்கையில் தாயின் மடியில் குழந்தை, தாய்க்கு மட்டும் சீட் பெல்ட் என்பதே பெரும்பாலும் காணும் காட்சி. திடீரென்று பிரேக் பிடித்தால் அல்லது மோதல் நிகழ்ந்தால் குழந்தையின் எடை பல மடங்கு விசையாக மாறும், எவ்வளவு இறுக அணைத்திருந்தாலும் எந்தக் கையாலும் அதைப் பிடித்துவைக்க இயலாது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் செல்பவருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. அபராதம் சிறிது என்பதாலோ என்னவோ அந்தப் பிரிவு இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. கைக்குழந்தைக்கான இருக்கை பின்சீட்டில், காரின் பின்புறத்தைப் பார்த்தபடி பொருத்தப்பட வேண்டும். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் அதை ஒருபோதும் வைக்கக் கூடாது. இந்தியத் தரமான ஏஐஎஸ் 072 அல்லது ஐரோப்பிய ஆர் 44/04, ஆர் 129 தரக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். காருக்கும் பிராமுக்கும் பொதுவாக வரும் டிராவல் சிஸ்டம் இரண்டையும் தீர்த்துவிடும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். இருக்கை நல்லதாகவே இருக்கலாம், ஆனால் அதோடு வரும் சக்கரச் சட்டகம் பெரும்பாலும் கனமானது, ஆகவே படிகளைப் பற்றிய கேள்வி மறுபடியும் எழும்.

கடைகளில் பிராமோடு சேர்த்துச் சலுகை விலையில் தரும், குழந்தையை நடுவில் உட்காரவைக்கும் சக்கரம் வைத்த பிளாஸ்டிக் வாக்கரை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கிவராதீர்கள். அது நடக்கக் கற்பிப்பதில்லை. படிக்கட்டு உள்ள வீட்டில் அது உருண்டுபோக ஒரு நொடி போதும். கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நம் பழைய மர நடைவண்டி, தானாக எழுந்து நிற்கத் தொடங்கிய குழந்தை பெரியவர் ஒருவர் அருகிலிருக்கத் தள்ளிப் பழகுவது, அது வேறு.

வண்டியில் குழந்தை எவ்வளவு நேரம் இருக்கப்போகிறது என்பதும் விலையோடு தொடர்புடையது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், கைக்குழந்தையைப் பிராமிலோ உயர்ந்த நாற்காலியிலோ முதுகில் கட்டியோ தொடர்ச்சியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் வைக்க வேண்டாம் என்கிறது. இன்னும் தவழாத குழந்தையை விழித்திருக்கும் நேரத்தில் நாளொன்றுக்கு அரை மணி நேரமாவது, பலமுறையாகப் பிரித்து, குப்புறப் படுக்கவைக்கச் சொல்கிறது. இவ்வளவு விலை கொடுத்தோமே என்று வீட்டுக்குள்ளும் வண்டியிலேயே உட்காரவைத்து, சாப்பாடும் தூக்கமும் அதிலேயே நடந்த குழந்தைகளின் தட்டையான பின்தலைகளை நான் பார்க்கிறேன். மெத்தை மென்மையாக இருப்பதால் தலை தட்டையாவது நின்றுவிடுவதில்லை.

முதல் குழந்தைக்குத் தாய்வீட்டுச் சீராகப் பிராம் வாங்கித்தர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அண்மைக் காலமாகத் தலைதூக்கியிருக்கிறது. எந்த வீட்டாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கொடுக்கும் வீட்டார் கடன் வாங்கியாவது பெரிய வண்டியைத் தேடுகிறார்கள். இப்படிப்பட்ட நேரத்தில், இயன்முறை மருத்துவர் கேரியரும் கார் இருக்கையும் வாங்கச் சொன்னார் என்று என் பெயரைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பழைய வண்டி வாங்குவதில் கூச்சம் வேண்டாம். வெலிங்டனில் ராணுவக் கல்லூரிப் படிப்புக்காக வந்து ஏறத்தாழ ஓராண்டில் கிளம்பும் குடும்பங்கள் பல பொருள்களைப் பாதி விலைக்கும் குறைவாகத் தந்துவிட்டுப் போகின்றன. ஆனால் மலைமேல் பழைய வண்டிக்குத் தனி எதிரிகள் உண்டு. தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழையிலும் மாதக்கணக்கில் நீடிக்கும் ஈரத்தில் மெத்தைக்குள் பூஞ்சை படரும், கீல்களும் பிரேக் கம்பியும் துருவேறும். உறையைக் கழற்றித் துவைக்க முடியாத வண்டியை விட்டுவிடுங்கள். மடிப்புக் கீல்களையும் தடவிப் பாருங்கள். விமானப் பொறியாளர் ஓவன் மக்லாரன் 1965-ல் வடிவமைத்த குடை ஸ்ட்ரோலரின் வழியில் வந்த அந்நிறுவன வண்டிகளில், மடக்கி விரிக்கும்போது குழந்தைகளின் விரல்நுனி கீலில் சிக்கித் துண்டான சம்பவங்களுக்குப் பிறகு, 2009 நவம்பரில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 10 லட்சம் வண்டிகளுக்குக் கீல் உறை வழங்க நேர்ந்தது. ஆகவே எந்த வண்டியானாலும் அதை விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தை கைக்கெட்டும் தொலைவில் இருக்கக் கூடாது. கார் இருக்கையை மட்டும் அதன் வரலாறு முழுவதும் தெரிந்தவரிடமிருந்து தவிர வாங்காதீர்கள், ஏனெனில் ஒருமுறை விபத்தில் அடிபட்டதன் விரிசல் வெளியே தெரியாது.

புதியதோ பழையதோ, பணம் கைமாறுவதற்கு முன், இணையத்தில் வாங்கியதானால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்கு முன், வண்டியில் 10 கிலோ அரிசிப் பையை வைத்துப் பட்டையால் கட்டி, உங்கள் வீட்டுச் சந்தின் மிகச் செங்குத்தான இடத்தில் சரிவை நோக்கி நிறுத்திப் பிரேக்கை அழுத்திவிட்டு, கைப்பிடிக்கு அருகிலேயே நின்று சில நிமிடங்கள் பாருங்கள். தரை நனைந்திருக்கும் நாளில் இன்னொரு முறை செய்யுங்கள். பிறகு மடக்கி, ஒரு கையில் அதையும் மறு கையில் அரிசிப் பையையும் எடுத்துக்கொண்டு வாசல் வரை படியேறிப் பாருங்கள். இதைச் செய்ய வேண்டியவர் கடையில் விலை பேசியவர் அல்ல, நாள்தோறும் குழந்தையோடு வெளியே போகப்போகிறவர். சக்கரம் நகர்ந்தாலோ, பாதிப் படியில் அவர் நின்றுவிட்டாலோ, வண்டியின் விலை என்னவாக இருந்தாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.