மார்க்கெட் கிராஸ்: சந்தைக் குருசடி

மார்க்கெட் கிராஸ் என்றதும் நாலு தெரு கூடும் இடம் என்று நினைத்துவிடுவது எளிது. அது தெரு இல்லை. இடைக்கால இங்கிலாந்தில், சந்தை கூடும் திடலில் நட்டிருந்த கற்சிலுவைக்கு அந்தப் பெயர். சுற்றிலும் படிகள், நடுவில் தூண், உச்சியில் சிலுவை. எளிய வடிவம் இவ்வளவுதான். வெண்ணெயும் முட்டையும் கொண்டுவந்தவர்கள் அந்தப் படிகளில்தான் கூடையை வைத்து உட்கார்ந்தார்கள். அரசாணையை உரக்கப் படித்ததும் அங்கேதான்.

இனி சொல்லுக்கு வருவோம். லத்தீனின் ‘க்ருக்ஸ்’ அயர்லாந்து, நார்வேக்காரர்களின் வாய் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘கிராஸ்’ ஆனது. ‘மார்க்கெட்’டுக்கு மூலம் லத்தீன் ‘மெர்காட்டுஸ்’. ஸ்காட்லாந்தில் இன்றும் ‘மெர்கட் கிராஸ்’ என்றே சொல்கிறார்கள். மார்க்கெட் என்ற சொல் வருவதற்கு முன் ஆங்கிலேயர்கள் சந்தையைச் ‘சீப்பிங்’ என்றார்கள். மலிவு என்ற பொருளில் நாம் புழங்கும் ‘சீப்’ அதே வேர்தான். முதலில் அதற்கு வியாபாரம் என்றுதான் பொருள்.

அந்தப் பழைய சொல் கவென்ட்ரி நகரத்தில் ‘கிராஸ் சீப்பிங்’ என்ற தெருப்பெயராக இன்னும் இருக்கிறது. சிலுவைதான் இல்லை.

அந்தச் சிலுவையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லண்டன் மேயராக இருந்த சர் வில்லியம் ஹாலிஸ் கொடுத்த 200 பவுண்டில் 1541இல் வேலை தொடங்கி 1544இல் முடிந்தது. உயரம் 57 அடி. நம் கோபுரம் போல அடுக்கடுக்காக, மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு அடுக்கிலும் மாடங்கள், மாடங்களுக்குள் அரசர்களும் புனிதர்களும். 1660களின் கடைசியில் பழுதுபார்த்துத் தங்க ரேக்கு ஒட்டினார்கள். வெயில் பட்டால் சந்தைக்கு வந்தவர்களின் கண் கூசியிருக்கும்! அப்புறம் கவனிப்பு குறைந்தது, கல் சிதைந்தது, 1771இல் இடித்துவிட்டார்கள். 1976இல் அதே நகரத்தில் ஒரு நகல் எழுப்பினார்கள். ஆனால் முட்டைக்கூடைகள் தேய்த்த கல் திரும்பி வராது.

கவென்ட்ரி சிலுவைக்கு முன்மாதிரியாக இருந்தது அபிங்டன் ஊர்ச் சிலுவை. அதை 1644இல், மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரின்போது, நாடாளுமன்றப் படையினர் தகர்த்தார்கள். சிலுவை வடிவத்தையே மூடநம்பிக்கையாகப் பார்த்த தூய்மைவாதிகளின் காலம் அது. லண்டன் சீப்சைடு சிலுவை அதற்கு முந்தைய ஆண்டே போயிருந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘சந்தைச் சிலுவை’ தவறில்லை. சிலுவை சிரியாக் மொழியிலிருந்து வந்து நம்மோடு கலந்துவிட்ட சொல். ஆனால் அது உச்சியில் இருப்பதை மட்டும் சொல்கிறது. ஆட்கள் உட்கார்ந்த படியைச் சொல்லவில்லை. நம் தென்கடற்கரையில் ‘குருசடி’ என்று ஒரு சொல் இருக்கிறது. போர்ச்சுகீசியர் தந்த ‘குருசு’, அதோடு நம் ‘அடி’. கடற்கரை ஊர்களில் மேடை கட்டிச் சிலுவை நட்ட இடம் அது. மெழுகுவத்தி உருகி வழிந்து படி முழுக்கப் பிசுபிசுப்பாக இருக்கும். அங்கே வழிபாடு, கவென்ட்ரியில் வியாபாரம்; என்றாலும் குருசும் அதன் அடியும் சேர்ந்த முழு அமைப்பையும் ஒரே சொல்லில் பிடிப்பது குருசடிதான். அதனால் ‘சந்தைக் குருசடி’ என்றே நான் எழுதுவேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. தென் இங்கிலாந்தின் சிசெஸ்டர் நகரத்தில் 1501 அளவில் ஆயர் எட்வர்ட் ஸ்டோரி கட்டியது எட்டு வளைவுகளும் கூரையுமாக இன்றும் நிற்கிறது. சிறு வியாபாரிகள் மழைக்கு ஒதுங்கக் கட்டிய அதைக் குருசடி என்றால் பொருந்தாது; ‘சந்தை மண்டபம்’ என்பதே சரி.