நிறமும் எழுத்துருவும்: பாதியை மட்டும் தொடாதீர்கள்

சில வருடங்களுக்கு முன் நான் எழுதிக் கொடுத்த மென்பொருளில், பெயர்ப் பெட்டிக்குள் தட்டச்சு செய்தால் எதுவுமே தெரியவில்லை என்று ஒரு பயனர் எழுதியிருந்தார். என் கணினியில் எல்லாம் சரியாகவே இருந்தது. அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. எழுத்து இருந்தது, கறுப்புப் பெட்டிக்குள் கறுப்பாக. எழுத்தின் நிறத்தை மட்டும் நான் கறுப்பு என்று எழுதிவைத்திருந்தேன். பின்னணியை எதுவும் சொல்லாமல் விட்டதால், அது இயங்குதளத்தின் தீமிலிருந்து, அதாவது பயனர் தேர்ந்தெடுத்த நிற அமைப்பிலிருந்து வந்தது. அவர் வைத்திருந்தது கறுப்புப் பின்னணி கொண்ட டார்க் மோட்.

அதிலிருந்து குழுவில் புதிதாக யார் சேர்ந்தாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். எழுத்து, பின்னணி இரண்டுக்கும் நீங்களே நிறம் கொடுங்கள். இல்லையென்றால் இரண்டையும் இயங்குதளத்திடமே விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நல்லது. விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு மூன்றுமே ‘சாதாரண எழுத்து’, ‘பின்னணி’ என்று வேலையின் பெயரிலேயே நிறங்களைத் தருகின்றன. பார்வைக் குறைவால், எழுத்தும் பின்னணியும் பளிச்சென்று வேறுபடும் ஹை கான்ட்ராஸ்ட் தீம் வைத்திருப்பவருக்கு அந்தத் தேர்வு அத்தியாவசியம். அதை நம் நிரல் அழிக்கக் கூடாது.

சொந்த நிறம் வேண்டும் என்றால் அளந்து வையுங்கள். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வேறுபாட்டின் விகிதம், குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கின்றன இணைய அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகள். வெள்ளையில் கறுப்பு 21:1. பலரும் விரும்பிப் போடும் மென்சாம்பல் (நிறக் குறியீடு #999999), வெள்ளையில் 2.85:1 மட்டுமே. அதைவிட அடர்ந்த சாம்பல் #777777 கூட மயிரிழையில் தவறிவிடும், #767676 தேறும். இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, அதனால் கருவியால் அளக்கத்தான் வேண்டும். அப்புறம், பிழையைச் சிவப்பால் மட்டும் காட்டாதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் நிறையப் பேர் உண்டு. பக்கத்தில் ஒரு சொல்லும் இருக்கட்டும்.

எழுத்துருவில் தமிழுக்குத் தனிச் சிக்கல் உண்டு. விண்டோஸில் நிர்மலா யூஐ, மேக்கில் தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று ஒவ்வொன்றின் உயரமும் அகலமும் வேறு. ஆங்கில எழுத்தை வைத்துப் பட்டனின் உயரத்தைப் பிக்சலில் இறுக்கிவிட்டால், தமிழின் மேல்சுழி வெட்டுப்படும். ‘நீக்கு’ என்ற பட்டன் ஒரு திரையில் ‘நிக்கு’ என்று நின்றதை நானே பார்த்திருக்கிறேன். நெடிலுக்கு உரிய அந்தச் சின்னச் சுழி மட்டும் போயிருந்தது. உயரத்தையும் அகலத்தையும் எழுத்தே தீர்மானிக்கட்டும், சுற்றிலும் இடைவெளியை மட்டும் நீங்கள் கொடுங்கள்.

வெளியிடுவதற்கு முன்னால் எழுத்தளவை உச்சத்துக்கு ஏற்றி ஒவ்வொரு திரையையும் திறந்து பார்க்கிறேன். ஆண்ட்ராய்டு 14இல் அது 200% வரை போகும். போன முறை அப்படிப் பார்த்தபோது, ஓர் உரையாடல் பெட்டியில் ‘சரி’ பட்டன் திரைக்குக் கீழே போய்விட்டிருந்தது; பெட்டியில் ஸ்க்ரோல் இல்லை. அதைச் சேர்த்த பிறகே வெளியிட்டோம்.