நெஞ்சு வலிக்கும் முன்பே எடுத்து வைக்க வேண்டிய அட்டை

இந்தியாவின் 89 மையங்களில் மாரடைப்பு போன்ற கடும் இதயத் தாக்குதலுடன் மருத்துவமனையில் சேர்ந்த 20,468 பேரைப் பின்தொடர்ந்து 2008இல் வெளியான ‘கிரியேட்’ ஆய்வில், முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் வசதி படைத்தோரில் 5.5 விழுக்காடு; ஏழைகளில் 8.2 விழுக்காடு. கிடைத்த சிகிச்சையைக் கணக்கில் சேர்த்ததும் அந்த வேறுபாடு மறைந்துபோனது. ஏழைக்குச் சிகிச்சைதான் குறைந்தது.

தமிழ்நாட்டில் அந்தக் குறையைத் தீர்க்க முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு; இதயக் குழாய் அடைப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைப்பதும் பைபாஸ் அறுவையும் இதில் அடங்கும்.

சிக்கல் இந்தத் திட்டத்தின் காப்பீட்டு அட்டையை வாங்குவதில் தொடங்குகிறது. குடும்பம் என்பதற்கு இங்கே ஆதாரம் ரேஷன் அட்டை. திருமணமாகி வந்த மருமகளின் பெயரோ ஊர் மாறி வந்த தாயின் பெயரோ அதில் சேர்க்கப்படாவிட்டால், அவர் அதே வீட்டில் பத்தாண்டு சமைத்துப் போட்டிருந்தாலும் பயனாளி அல்லர். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம், விசாரணைக்குக் கிராம நிர்வாக அலுவலர், பதிவுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையம் என்று அலைய வேண்டும். கணவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்க, கையெழுத்துக்காக அலுவலக வாசலில் இரண்டு நாள் நின்ற பெண்ணைப் பார்த்திருக்கிறேன். அன்று அலுவலர் ‘கூட்டத்தில்’ இருந்தார். அவர்கள் எப்போதும் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். ஆகவே வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும்போதே, இந்த வாரமே, ரேஷன் அட்டையில் பெயர்களைச் சரிபார்த்துக் காப்பீட்டு அட்டையை வாங்கிவிடுங்கள்.

அட்டை இருந்தாலும் ஏமாறலாம். திட்டப் பட்டியலில் உள்ள மருத்துவமனை எல்லாச் சிகிச்சைக்கும் அங்கீகாரம் பெற்றிருக்காது. இதயச் சிகிச்சைக்கு உண்டா என்று கேட்டறியுங்கள். சேரும்போதே அட்டையைக் காட்டி, முன் அனுமதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். “முதலில் பணம் கட்டுங்கள், பிறகு காப்பீட்டில் வாங்கிக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: இது கட்டணமில்லாச் சிகிச்சைக்கான திட்டம், கட்டிய பணத்தைத் திருப்பித் தருவதற்கானது அன்று. ‘நல்ல ஸ்டென்ட்’ என்று கூடுதல் பணம் கேட்டால், மருத்துவமனைக்குள் இருந்தபடியே 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். எதையாவது கட்ட நேர்ந்தால் ரசீது இல்லாமல் கட்டாதீர்கள்.

வீடு திரும்பிய பின் வாழ்நாள் முழுதும் விழுங்க வேண்டிய மாத்திரைகளுக்கு இந்த அட்டையை நம்பியிருக்க வேண்டாம். இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். பணமில்லை என்று நிறுத்திவிட்டவர்களே மீண்டும் படுக்கையில் விழுகிறார்கள்.

பக்கவாதத்துக்கு மட்டும் வேறு கணக்கு. வாய் கோணி, ஒரு கை தளர்ந்து, பேச்சு குழறினால், மூளைக் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடக்கூடிய அவகாசம், அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணி நேரம்தான். அட்டையைத் தேடி நிற்காமல் உடனே 108ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் வசதியுள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். காகிதங்களை வேறொருவர் பின்னால் எடுத்து வரட்டும்.